ஆசிரியர் குடும்ப நலப் பாசறை

நான் பணியாற்றிய பள்ளியின் வெள்ளிவிழா மலரில் ஒரு வாக்கியம் அச்சாகியிருக்கிறது. சாத்தனூர் அணைப் பூங்காவை அடுத்த ஆற்றங்கரையில் எம் பள்ளி ஆசிரியர்கள் மூன்று நாள் தங்கி மகிழ முயன்று, ஒரே பகலில் கலைந்து திரும்பியதையும், அதற்குக் காரணமானவர் யார் என்பதையும் அவ்வாக்கியம் கூறுகிறது. அதன் முற்பகுதி மெய், பிற்பகுதி பொய். பொய்யென்று அறிந்தவர் மூவர். ஒருவர் அவ்வாற்றங்கரைச் சிற்றூரின் பெண்மணி. அவர் அம்மலரைக் கண்டிருக்கமாட்டார். மற்றொருவர் அவ்வாக்கியம் யாரைக் குற்றஞ்சாட்டுகிறதோ அவர். இன்று எங்கிருக்கிறார் என்று விசாரித்தும் அறியக் கூடவில்லை. மூன்றாமவன் நான். எனக்குப்பின் அம்மலர் மட்டுமே எஞ்சும்; ஆதலின் இதனை எழுதி வைக்கிறேன். எவர் பெயரையும் இதில் இடவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. எம் பள்ளி ஆசிரியர் அறையில் திடீரென்று இயற்கையின்மேல் ஒரு காதல் மூண்டது. அவ்வறையின் சாளரத்தைத் திறந்தால் அண்ணாமலை தெரியும். அச்சாளரத்தை அவர்கள் ஒருநாளும் திறந்ததில்லை. வெயில் அடிக்கிறது என்று சாத்தியே வைத்திருந்தனர். மழை பெய்தால் மலையடிவாரத்தில் ஓடை ஓடும். அதையும் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. முழுநிலா நாளில் மலையைச் சுற்றி வருபவர்களைக் கண்டால், கால் வலிக்காதா என்று வியப்பவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள், இயற்கையைக் காணத் தண்டராம்பட்டு வழியாகப் பேருந்தில் சென்று, வேறோர் ஊரின் மண்ணில் துணியை விரித்துப் படுக்க வேண்டுமென்று முடிவு செய்தார்கள். வீட்டில் மின்விசிறி ஒரு நாள் ஓடாவிட்டால் மின்வாரியத்துக்கு முறையீடு எழுதுபவர்களுக்கு, காற்றில்லாத கூடாரத்தில் படுப்பது இன்பமாம்.

இவ்வெண்ணத்தைக் கொண்டுவந்தவர் எம் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். முப்பது அகவையை எட்டாதவர். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்கும். உணவு உண்ணும்போதும் அதைக் கழற்றமாட்டார். பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது ஏதோ ஓர் ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கினாராம். வாழ்நாளில் தாம் மகிழ்ந்திருந்தது அந்த ஐந்து நாள்தான் என்பார். அவர் இரண்டாண்டுகளாகத் தற்காலிகப் பணியில் இருந்தார். நிலைப்படுத்துவது தாளாளர் கையில் இருந்தது. தாளாளர் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்க இன்னா வேல செய்றீங்கன்னே தெரியலயே சார். எதையாச்சும் ஒண்ண நடத்திக் காட்டுங்க, அப்புறம் ஆர்டர் பத்திப் பேசலாம்" என்பார். உடற்பயிற்சி ஆசிரியரின் மனைவி அப்போது கருவுற்று ஏழாம் மாதத்தில் இருந்தார். குடியிருந்த வீடு வேங்கிக்காலில் ஓர் ஓட்டு வீடு. ஆக, உடன்வந்த பதின்மூவருக்கும் எனக்கும் விளையாட்டாக இருந்தது அவ்வொருவருக்கு மட்டும் பிழைப்பாக இருந்தது. அதை நாங்கள் அனைவரும் அறிவோம். அறிந்தும் விளையாட்டாகவே இருந்தோம்.

முதற்கூட்டத்தில் அவர் எழுந்து பேசியது இன்றும் காதில் ஒலிக்கிறது.

"மூணு நாளுங்க. சனி, ஞாயிறு, திங்கள் லீவு. ஆத்தோரமா தோப்பு கீது. அணை ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கிட்டேன். காலைல எக்சர்சைஸ், அப்புறம் வாலிபால், சாயங்காலம் கேம்ப் ஃபயர். ஜாலியா இருக்கும்."

"ஆத்துல மொதல இருக்காமே?" என்றார் கணக்கு ஆசிரியர்.

"அது பண்ணைலதாங்க, வேலி போட்டிருக்கும்."

"வேலி இருக்குதுனு மொதலைக்குத் தெரியுமா?"

அறை சிரித்தது. பெண் ஆசிரியர்கள் மூவரும் தாங்கள் வருவதற்கில்லை என்று உடனே சொல்லிவிட்டனர். அக்கூட்டத்தில் அறிவுடையோர் அவர்கள் மூவரே. நானும் மறுத்திருக்க வேண்டியவன். ஆனால், தமிழாசிரியர் வராவிட்டால் மாலை நிகழ்ச்சியில் பேச ஆளில்லை என்று தலைமையாசிரியர் சொன்னார். பேசச் சொன்னால் மறுக்கும் ஆற்றல் எனக்கு அந்நாளில் இல்லை.

தோப்பைத் தூய்மை செய்யவும், தண்ணீர் சுமக்கவும், சமைக்கவும், கூடாரம் அடிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஆசிரியர்கள் தம் கையால் ஒரு கழியைக்கூட ஊன்றமாட்டார்கள் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. இயற்கையோடு இணைந்து வாழ்வதற்குப் பத்து ஆட்கள் கூலிக்குத் தேவைப்பட்டனர். தோப்பை ஒட்டியிருந்த சிற்றூரில் அந்தப் பதின்மரைத் திரட்ட வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர், "நான் ஒரு நடை நேர்ல போயி சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.

நான்தான் தடுத்தேன். "எழுத்து எதற்கு இருக்கிறது? முறையாக ஓர் அறிவிப்பு எழுதி அனுப்பினால் போதும். பள்ளிக்கு அதுவே பெருமை" என்றேன். தாளாளருக்கும் அது பிடித்திருந்தது. அறிவிப்பின் வரைவை உடற்பயிற்சி ஆசிரியரே எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். தலைப்பு இவ்வாறு இருந்தது: ஸ்டாஃப் ஃபேமிலி ஜாலி கேம்ப்.

நான்கு சொற்கள், நான்கும் ஆங்கிலம். தமிழ்நாட்டில், அதிலும் அண்ணாமலையின் நிழலில், தமிழ் படித்த உழவர்களுக்கு ஒரு பள்ளி அனுப்பும் ஓலையில் இப்படியா எழுதுவது என்று கடிந்துகொண்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப முகாம்னு போட்டுடுங்க ஐயா."

"முகாம் தமிழென்று உமக்கு யார் சொன்னார்? அது நவாபு காலத்தில் ஜாஸ்தியோடும் கம்மியோடும் கைகோத்து உள்ளே வந்தது. வந்தது போகட்டும், நாமே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டுமா?"

"பேசறப்ப எல்லாரும் அதத்தானேங்க சொல்றாங்க."

"பேசுவதும் எழுதுவதும் ஒன்றா?"

அவர் வரைவை என் மேசைமேல் வைத்தார். நான் எழுதினேன். ஸ்டாஃப் என்பது ஆசிரியர். ஃபேமிலி என்பது குடும்பம். ஆசிரியர் அனைவரும் ஒரு குடும்பம் என்ற கருத்து எனக்கு உவப்பாயிருந்தமையால் அதைக் கொண்டேன். கேம்ப் என்பதற்குப் பாசறை. படை தங்கும் இடம் என்ற பழம்பொருள் தாங்கிய செம்மையான சொல் அது. ஜாலி என்பதுதான் இடர்ப்படுத்தியது. இன்பம் என்பதே நேர்ச்சொல். ஆனால் குடும்ப இன்பம் என்று எழுதி ஊர்ச்சுவரில் ஒட்டினால் நகைப்புக்கு இடமாகும். நெடுநேரம் எண்ணி, கண்ணியம் கருதி, நலம் என்று எழுதினேன்.

ஆசிரியர் குடும்ப நலப் பாசறை.

அதன்கீழ், "இவ்வூர் ஆடவர் பதின்மர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரைத் தோப்பிற்கு வருக. வருவோர்க்கு உரிய ஊதியமும் உணவும் வழங்கப்பெறும். உடல் வலிமையுடையோர் விரும்பத்தக்கர்" என்றும் எழுதினேன். நான்கு படிகள் என் கையாலேயே எடுத்தேன். என் கையெழுத்தைப் பலரும் பாராட்டுவர். பேருந்து நடத்துநர் ஒருவர்வழி அவை அவ்வூர்த் தேநீர்க் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

இவ்வரிகளைப் படிக்கும்போதே என் தலைமுறையினர் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு அன்று வரவில்லை. அதற்கு ஓராண்டு ஈராண்டுகளுக்கு முன்னர், ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று கருத்தடை அறுவைக்கு ஆடவரைத் திரட்டியது நாடறிந்த செய்தி. ஊர்களில் அதற்கு வழங்கிய பெயர் குடும்ப நலம். வருவோர்க்குப் பணமும் உணவும் உண்டு. எம் பள்ளி ஆசிரியர்களும் அதற்கு அலைந்தனர். மூச்சிரைப்பைக் காரணம் காட்டி நான் மட்டும் விலகிக்கொண்டேன். கணக்கு ஆசிரியர் ஒரு கோடை முழுவதும் அவ்வேலையாக அலைந்தவர். அறிவிப்பை ஒருமுறை அவரிடம் காட்டியிருந்தால் போதும். என் தமிழைச் சரிபார்க்க ஒரு கணக்கு ஆசிரியரா என்று காட்டவில்லை.

சனிக்கிழமை விடியலில் புறப்பட்டோம். இயற்கையை நாடிச் சென்றவர்கள் எடுத்துச் சென்றவற்றைச் சொல்ல வேண்டும். இரண்டு டேப் ரிக்கார்டர்கள், அவற்றுக்கு இரண்டு வாரத்துக்குப் போதுமான பேட்டரிகள். வரைதல் ஆசிரியர் ஒரு சாய்வு நாற்காலியைப் பேருந்தின் கூரையில் ஏற்றினார். அறிவியல் ஆசிரியர் கொசுவலையோடு அதைக் கட்டுவதற்கு நான்கு கழிகளும் கொண்டு வந்தார். வரலாற்று ஆசிரியர் ஒரு குளிர்க் கண்ணாடியை அணிந்து, அதைக் கழற்றாமலே இருட்டில் பேருந்தேறி, படியில் முழங்காலை இடித்துக்கொண்டார். மூன்று நாளுக்கு எட்டுச் சீட்டுக்கட்டுகள் வந்தன. ஆற்றைப் பார்க்கவென்று கண்ணைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. அதை மட்டும் எவரும் பயன்படுத்தவில்லை. பேருந்து தண்டராம்பட்டைத் தாண்டும்போது வழியெங்கும் பனி இறங்கிய கரும்புக் கொல்லைகள். அத்தனை பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் ஓட்டுநர் அருகே நின்றவாறே வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பகல் ஒரு மணிக்குத் தாளாளர் தம் காரில் வந்து தொடங்கி வைத்து உணவு உண்பதாக ஏற்பாடு. ஏழு மணிக்குப் பதின்மர். பத்து மணிக்குள் ஐந்து கூடாரம். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று அதில் வரைந்து வைத்திருந்தார். "ஐயா, இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா செவ்வாக்கிழமையே ஆர்டர் குடுத்துடறேன்னு சொல்லிட்டாரு" என்றார் என்னிடம். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்கு எரிச்சலூட்டியது. ஓர் ஊதலுக்கும் சில குட்டிக்கரணங்களுக்கும் நிலையான பணியா என்று அப்போது நினைத்தேன். இலக்கணம் படித்த நான் நிலைப்படுத்தப்பெற ஆறாண்டு காத்திருந்தேன் என்ற கணக்கு என் உள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தோப்பை அடைந்தோம். தென்பெண்ணை அப்பால் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் எவரும் இல்லை. ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. தோப்பில் முந்தைய வாரம் வந்துபோன இன்பச் சுற்றுலாக்காரர்களின் எச்சில் இலைகளும் ஆரஞ்சுத் தோலும் கிடந்தன. இயற்கையை விரும்பி வருவோர் அதனிடம் விட்டுச் செல்லும் நினைவுச் சின்னங்கள் அவை. எங்களவர்கள் அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டு, அடுத்த கட்டுச் சீட்டைக் கலைத்தார்கள்.

"ஆளு எங்க சார்?" என்றார் வரைதல் ஆசிரியர், சாய்வு நாற்காலியிலிருந்து.

"வந்துடுவாங்க சார், வந்துடுவாங்க."

"மொதல இட்டுகினு போயிட்ச்சா பாரு" என்றார் கணக்கு ஆசிரியர்.

ஒன்பது மணிக்கு உடற்பயிற்சி ஆசிரியர் தாமே கூடாரம் ஒன்றை அடிக்கத் தொடங்கினார். வேறொரு பள்ளியின் சாரணர் படையிடம் இரவல் வாங்கியவை அவை. எலிப்புழுக்கை நாற்றம் வீசியது. ஒருவர் கயிற்றைப் பிடித்தால் ஒருவர் முளையடிக்க வேண்டும். பதின்மூவர் இருந்தும் கயிற்றைப் பிடிக்க ஒருவரும் எழவில்லை. நானும் எழவில்லை. அவர் ஒரு பக்கம் அடித்துவிட்டு மறுபக்கம் ஓடுவதற்குள் முன்பக்கம் சாய்ந்தது. மூன்றாம் முறை சாய்ந்தபோது கைதட்டினார்கள். ஒன்பதரைக்கு அவர் என்னிடம் வந்து, "ஊருக்குள்ள போய்ப் பாக்கலாம் ஐயா, நீங்களும் வந்தா மரியாதயா இருக்கும்" என்றார். நான் எழுதிய அறிவிப்பு என்ன ஆயிற்று என்று அறியும் ஆவலில் உடன் சென்றேன்.

ஊரில் ஆடவர் ஒருவரும் இல்லை. நான் மிகைப்படுத்தவில்லை. தேநீர்க் கடையின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கடைக்காரர் இல்லை. ஏர் நிறுத்தியபடி நின்றது; உழுபவர் இல்லை. தெருவில் கால்வைத்ததும் ஒரு வீட்டின் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டின் கதவும் சாத்தப்பட்டது. ஒரு பெண்மணி மட்டும், நாற்பது அகவையிருக்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைவாசலில் நின்றார். கடைக்காரரின் மனைவி அவர்.

"வாங்க. காத்தாலயே வந்துட்டீங்களா? ஜீப்பு எங்க நிக்குது?"

"ஜீப்பு இல்லீங்க, பஸ்லதான் வந்தோம்" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

"இப்பல்லாம் பஸ்லயே வந்துடறீங்களா! டாக்டரும் பஸ்லயா?"

"டாக்டரா? நாங்க வாத்தியாருங்கம்மா."

"தெரியும் தெரியும். அன்னிக்கும் வாத்தியாருங்கதான் வந்தாங்க. வாளி தரேன்னாங்க, ரூபா தரேன்னாங்க, ஒரு நாள் வேலைன்னாங்க. என் கொழுந்தன் போனான். ஒரு வாரம் கால அகட்டி நடந்தான்."

உடற்பயிற்சி ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் முன்வந்து, "அம்மையீர், இது பொழுதுபோக்குப் பாசறை. அறிவிப்பில் தெளிவாக எழுதியுள்ளோமே" என்றேன்.

அவர் சுவரிலிருந்த என் அறிவிப்பை உரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தெளிவாத்தான் கீது. எங்களுக்கு அவ்ளோ படிப்பு இல்ல. நடுவுல கீதே இந்த ரெண்டு வார்த்த, குடும்ப நலம், இது மட்டும் இந்த ஊர்ல குழந்தைக்கும் தெரியும். கடைசில ஏதோ பாசறன்னு போட்டிருந்துச்சி. அது யாருக்கும் புரியல. எங்கூட்டுக்காரரு நாலு தரம் படிச்சாரு. பாசறன்னா ஆப்பரேசன் பண்ற அறையாத்தான் இருக்கும்னாரு. ஆம்பளைங்க பத்து பேரு வேணுமாம். சோறு போட்டு ரூபா குடுப்பாங்களாம். தெம்பா இருக்கறவனா வேணுமாம்! வேற எதுக்குய்யா கேப்பீங்க?"

பாசறை என்பதில் அறை இருக்கிறதென்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. முப்பதாண்டு தமிழ் கற்றவன் நான்.

உடற்பயிற்சி ஆசிரியர் பந்து விளையாட்டு, கூடாரம், சமையல் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டி விளக்கினார். அப்பெண்மணி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஊட்ட உட்டுட்டு வந்து, இங்க தரைல படுக்கப் போறீங்களா? மூணு நாளா? எதுக்கு?" என்றார். உடற்பயிற்சி ஆசிரியர் பேச்சை மாற்றினார்.

"சரி, பொம்பளைங்க யாராவது சமைக்க மட்டும் வர முடியுமாம்மா? ஒரு மணிக்குள்ள. பெரியவரு ஒருத்தர் வராரு. என் வேலையே அதுலதான் கீது."

"நீ நல்லவனாத்தான் தெரியற தம்பி. அன்னிக்கு வந்தவங்களும் நல்லவங்களாத்தான் பேசினாங்க."

"ஆம்பளைங்க எங்க போயிட்டாங்க?"

அவர் ஆற்றைக் காட்டினார். "பரிசல்ல அந்தாண்ட. மாடு திரும்பற நேரத்துக்குத்தான் வருவாங்க."

ஆற்றங்கரைக்கு ஓடினோம். எதிர்க்கரையில் புதர் ஓரம் இருபது முப்பது பேர் குந்தியிருந்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் இரு கைகளையும் ஆட்டிக் கூப்பிட்டார். குரல் எட்டவில்லை. அவசரத்தில், பழக்கத்தில், ஊதலை எடுத்து ஊதிவிட்டார். வெள்ளைச் சட்டையும் ஊதலுமாக ஓர் அலுவலர் வந்துவிட்டாரென்று கூட்டம் முழுவதும் எழுந்து காட்டுக்குள் ஓடியது. ஒருவர் மட்டும் ஓட முடியாமல் நின்று, கையைக் குவித்துக் கத்தினார்: "எனக்கு முன்னயே ஆயிட்ச்சுங்கோ! சீட்டு வூட்ல கீது!"

நான் சிரித்துவிட்டேன். உடற்பயிற்சி ஆசிரியர் சிரிக்கவில்லை. கரையில் அமர்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. பிறகு எழுந்து தோப்பை நோக்கி நடந்தார். நான் அறிவிப்பை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"ஏன் வரலியாம்?" என்று சீட்டாடுபவர்கள் கேட்டபோது, "ஊர்ல ஏதோ வேலையாம்" என்று மட்டும் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போதே நான் வாய்திறந்திருக்கலாம். நான் தாடையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணி நேரம் அவர் தனியாளாகப் போராடினார். தண்ணீர் சுமந்தார், மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினார். பனியில் நனைந்த விறகு எரியாமல் புகைந்தது. சோற்றுக்கு வழியில்லை என்று ரவையைக் கிளறினார். புகை கூடாரத்துப் பக்கம் வருகிறது என்று அறிவியல் ஆசிரியர் குறைபட்டார். புகை இல்லாமல் சமைக்கும் முறையை அவர்தாம் ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பில் நடத்துபவர்.

ஒரு மணிக்குத் தாளாளர் வந்தார். தம் மனைவியையும் சம்பந்தியையும் இயற்கை எழில் காட்ட அழைத்து வந்திருந்தார். கார் நின்றதும் பதின்மூவரும் சீட்டுகளைப் பாய்க்கடியில் தள்ளிவிட்டு எழுந்து நின்ற விரைவைப் பார்த்திருக்க வேண்டும். அன்று அவர்கள் செய்த ஒரே உடற்பயிற்சி அது. தாளாளர் சாய்ந்து கிடந்த கூடாரத்தைப் பார்த்தார். அடிபிடித்த உப்புமாவைப் பார்த்தார். கண்ணெரிச்சலால் அழுபவர்போல் நின்ற உடற்பயிற்சி ஆசிரியரைப் பார்த்தார்.

"இதுதானா சார் உங்க கேம்ப்பு?"

"ஆளுங்க வரலீங்க ஐயா."

"முன்கூட்டியே சொன்னீங்களா, இல்லியா?"

என் சட்டைப்பையில் அறிவிப்பு இருந்தது. தாளாளருக்கு நான் மிக அருகில் நின்றிருந்தேன். அவர் என்னை மதிப்பவர். புலவரே என்றுதான் அழைப்பார். என் பிழை இது என்று நான் சொல்லியிருந்தால் எனக்கு என்ன நேர்ந்திருக்கும்? ஒன்றும் நேர்ந்திராது. என் பணி நிலையானது. சம்பந்தியின் முன்னிலையில் சிரித்திருப்பார், அவ்வளவே. அந்தச் சிரிப்புக்கு நான் அஞ்சினேன்.

"சொன்னது பத்தலீங்க ஐயா" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். "நான் நேர்ல வந்து சொல்லியிருக்கணும். என் தப்புதாங்க."

"பத்து ஆளக் கூட்டியார முடியாதவரு, பள்ளிக்கூடத்துப் பசங்கள எப்படிக் கட்டி மேய்ப்பீங்க?" என்று சொல்லிவிட்டு, தாளாளர் சம்பந்தியை அழைத்துக்கொண்டு முதலைப் பண்ணை பார்க்கப் போனார்.

மூன்று நாள் பாசறை பத்து மணி நேரம் நீடித்தது. மாலைப் பேருந்தில் திரும்பினோம். இயற்கையைப் பிரிந்த துயரம் எவர் முகத்திலும் இல்லை. சீட்டாட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் என் அருகில் வந்து அமர்ந்தார். உடலெல்லாம் புகை நாற்றம். தண்டராம்பட்டைத் தாண்டியதும், "ஐயா, பாசறைன்னா நெசமா இன்னா அர்த்தம்?" என்று கேட்டார்.

"போருக்குச் சென்ற படை தங்குமிடம்" என்றேன்.

"அப்ப நான் தனியா வந்துட்டேன் போல" என்று சொல்லி, சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். அவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டது.

அந்தக் கல்வியாண்டோடு அவர் பணி முடிந்தது. வேங்கிக்கால் வீட்டைக் காலி செய்துகொண்டு, கைக்குழந்தையோடு வேலூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அவருக்கு வழியனுப்பு விழா இல்லை. தற்காலிகப் பணியாளருக்கு அவ்வழக்கம் இல்லை.

எண்பதுகளில் பள்ளிக்கு வெள்ளிவிழா வந்தது. மலரின் பதிப்பாசிரியன் நான். பள்ளி வரலாற்றை எழுதிய அலுவலக எழுத்தர், ஆற்றங்கரைத் தங்கலைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்: "அப்போதைய உடற்பயிற்சி ஆசிரியரின் கவன குறைவால் இம்முயற்சி கைவிடப்பட்டது." மெய்ப்புத் தாள் என் மேசைக்கு வந்தது. சிவப்பு மையை எடுத்தேன். கவன என்பதன் பின் ஒற்று விடுபட்டிருந்தது. அங்கே ஒரு க் இட்டுக் கவனக்குறைவால் என்று திருத்தி, ஓரத்தில் என் சுருக்கொப்பத்தை வைத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். வாக்கியத்தில் வேறு பிழை இருப்பதாக நான் குறிக்கவில்லை. அம்மலரில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை என்று பலர் பாராட்டினார்கள். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

ஆற்றங்கரையில் சீட்டாடிய பதின்மூவரை இதில் நெடுக இகழ்ந்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர்களில் எவரும் ஒரு மனிதரின் சோற்றில் எழுத்தால் மண் போடவில்லை. அதைச் செய்தவன் நான் ஒருவனே.

அம்மலர் எவரிடமேனும் இருந்தால், அவ்வரியில் உள்ள உடற்பயிற்சி ஆசிரியர் என்பதை அடித்துவிட்டுத் தமிழாசிரியர் என்று எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இக்குறிப்பிலும் தவறுகள் இருக்கக்கூடும். நான்கு படிகள் என்றேன், ஐந்தாகவும் இருக்கலாம். உப்புமா என்றது பொங்கலாகவும் இருந்திருக்கலாம். அன்று உடனிருந்தவர்களோ, அவ்வூரினரோ, எல்லாரினும் மேலாக அவரோ இதைக் காண நேர்ந்தால், பிழைபட்ட இடத்தைச் சுட்டி எழுதுங்கள், திருத்திக்கொள்வேன். சந்தியையும் ஒற்றையும் நானே பார்த்துவிட்டேன். நிகழ்ந்ததை மட்டும் பாருங்கள்.